ஒரு கொத்துத் தவிடு

பூரணி அந்தப் பிள்ளையை ஒரு கொத்துத் தவிட்டுக்கு வாங்கினாள். தவிடு என்னுடையது. மாட்டுக்கென்று கந்தப்பளைக் கடையில் வாங்கித் தகரத்தில் போட்டு வைத்திருந்தேன். அரிசி அளக்கிற கொத்தைக் கையில் பிடித்தபடி பூரணி என் காம்பரா வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு கொத்துத் தவுடு குடுங்க. புள்ள வாங்கப் போறேன்."

"மாட்டுக்கு என்னத்த வைக்கிறது?"

"மாட்டுக்கு நாளைக்குப் புல்லு அறுத்துப் போடுறேன். இன்னைக்குத்தான் நல்ல நாளு."

அளந்து போட்டேன். தலைதட்டித்தான் கொடுத்தேன், குவித்துக் கொடுக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், லயத்து வரிசையில் பூரணி காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் புருஷன் வீரய்யா ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தான். கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. அதற்காகப் பூரணி எந்தக் கோயிலுக்கும் நடையாய் நடக்கவில்லை. யாராவது கேட்டால் "வரலைங்க" என்பாள், பஸ் வரவில்லை என்று சொல்வது போல.

அவளுக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் அழகுமுத்துவும் அவன் பெண்சாதி அழகம்மாவும் இருந்தார்கள். அழகம்மாவுக்குப் பெறுவதில் குறையில்லை, பெற்றது தங்கவில்லை. முதல் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கப் பழகும் முன்னே போனது. அடுத்தது தவழத் தொடங்கிய பிறகு போனது. இரண்டையும் தேயிலைக்குக் கீழே ஆற்றோரம் புதைத்துவிட்டு வந்து மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நின்றாள். ஐம்பத்தேழாம் வருஷம் மூன்றாவதாக ஒரு பெண் பிள்ளை பிறந்தது.

பிள்ளை தங்காத வீட்டில் என்ன செய்வார்கள் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பிள்ளையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். அழகம்மா பிள்ளையைத் தேடி வருகிற எதுவோ, அழகம்மாவுக்குப் பிள்ளையே இல்லை என்று பார்த்துத் திரும்பிப் போய்விடும். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை அது மதிக்கவும் மதிக்காது.

அழகம்மா பிள்ளையைச் சுளகில் கிடத்தி வாசற்படிக்கு வெளியே வைத்தாள். பூரணி தவிட்டை அவள் முந்தானையில் கொட்டினாள்.

"வித்தியா?"

"வித்தேன்."

"திரும்பக் கேப்பியா?"

"கேக்க மாட்டேன்."

பூரணி சுளகோடு தூக்கித் தன் காம்பராவுக்குள் கொண்டுபோனாள். பிள்ளைக்குத் தவுட்டம்மா என்று பேர் விழுந்தது. பிறகு பால் கொடுக்க அழகம்மாவையே கூப்பிட வேண்டியிருந்தது, அது வேறு விஷயம். ஆனால் யார் கேட்டாலும் பூரணி பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். விளையாட்டாகப் பேசலாம், மாற்றிப் பேசக் கூடாது. மாற்றிப் பேசினால் விற்றது விற்றதாகாது.

விளையாட்டாக நிறையப் பேசினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

"ஏ மொதலாளியம்மா, ஒன் சரக்கு அழுவுது. வந்து என்னான்னு பாரு."

"பால் குடுக்கத்தானே ஒன்ன வச்சிருக்கேன். குடு."

"சம்பளம்?"

"தவுடு தாரேன்."

"அத அந்த அண்ணன் மாட்டுக்கே குடு. அது எலும்பும் தோலுமா நிக்குது."

என் மாட்டைப் பற்றி அவள் சொன்னதில் பொய்யில்லை.

தவுட்டம்மா தவழ்ந்தது. பிறகு சுவரைப் பிடித்து நின்றது. நின்று கொஞ்ச நாளில் அழகம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து ஐயா வெள்ளைத் தண்ணீர் கொடுத்தார். கடைசியில் லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லொறி திரும்பி வந்தபோது அவளையும் திரும்பக் கொண்டுவந்தது.

அழகுமுத்து கருமாதி முடியும் வரை இருந்தான். பிறகு இந்தியாவுக்குப் போவதாகச் சொன்னான். புதுக்கோட்டைப் பக்கம் அண்ணன் ஒருத்தன் இருந்தானாம். துணி மூட்டையோடு காம்பராவுக்கு முன்னே இஸ்தோப்புத் திண்ணையில் நின்றவனிடம் பூரணி கேட்டாள்.

"புள்ள?"

"அது ஒங்க புள்ளதானே அக்கா. விலைக்கு வாங்குனது."

சிரித்துக்கொண்டு சொன்னானா, சும்மா சொன்னானா என்று என்னால் சொல்ல முடியாது. பூரணி தலையை ஆட்டினாள். அவன் போய்விட்டான். கடுதாசி எதுவும் வரவில்லை.

தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அரிசி வருவது அப்பன் பேரிலோ ஆத்தாள் பேரிலோ. அழகம்மா பேர் செத்துப் போனதில் போனது. அழகுமுத்து பேரை ஊர் போனவன் என்று வெட்டினார்கள். அந்த இரண்டு பேரோடு பிள்ளை பேரும் போய்விட்டது. அரிசி போடுகிற அன்று கிளாக்கர் ஐயா பூரணியைப் பார்த்து, "இது யாருடைய பிள்ளை?" என்று கேட்டார்.

"என் புள்ளைங்க."

"நீ பெத்ததா?"

"வாங்குனதுங்க."

"கடையிலயா?" என்று கேட்டார் கிளாக்கர் ஐயா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளைக்கு அரிசி இல்லை.

பிள்ளைக்காம்பராவிலும் அதே கதை. தாய்மார் கொழுந்துக்குப் போகிறபோது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. அங்கே பேர் இருக்கிற பிள்ளைக்குத்தான் பால். ஆயா நல்லவள்தான், தொட்டிலில் கிடக்க இடம் கொடுத்தாள், பாலுக்குக் கையை விரித்தாள். அந்த வருஷமே வீரய்யாவுக்கு இருமல் முற்றி, ஸ்டோரில் அவனை நிறுத்திவிட்டார்கள். பூரணி ஒருத்தி பேரில் வருகிற அரிசியை மூன்று பேர் சாப்பிட்டார்கள். நான் சில நாள் ஒரு கோப்பை பால் கொடுத்தேன். தினமும் கொடுக்க என் மாட்டிடம் பால் இல்லை.

அப்போதுதான் புரபேஷன் ஐயா வந்தார். அநாதைப் பிள்ளைகளைப் பார்க்க அரசாங்கம் புதிதாக வைத்த உத்தியோகம். பேர் அம்பலவாணர், யாழ்ப்பாணத்து மனிதர். தோட்டத்துக்கு வருகிற உத்தியோகத்தர்கள் ஆபீசோடு திரும்பிவிடுவார்கள். இவர் சப்பாத்தில் சேறு படிய லயத்துக்கு ஏறி வந்தார். பூரணி என் காம்பராவிலிருந்து பலகை வாங்கிப் போட்டாள். உட்கார்ந்து பிள்ளையின் கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளை மெலிஞ்சு போச்சு. சத்தில்லை. இதுக்கு அரசாங்கத்தில உதவி இருக்கு, தெரியுமோ?"

"பிச்சைச் சம்பளமாங்க?" என்றான் வீரய்யா.

"அப்பிடித்தான் சனம் சொல்லுது. நாங்கள் அப்பிடிச் சொல்றேல்லை. அநாதைப் பிள்ளையை வளக்கிறவைக்கு மாதா மாதம் ஒரு தொகை. அரிசிக்கும் பிள்ளையின்ரை பேர் போடலாம். பிள்ளைக்காம்பராவில பாலும் குடுப்பினம். ஆனால் நீங்கள் சட்டப்படி பிள்ளையைப் பொறுப்பெடுக்க வேணும். கோட்டுக்கு ஒருக்கா வந்தால் போதும்."

"கோர்ட்டுக்கா?" என்றாள் பூரணி.

"பயப்பிடாதேங்கோ. களவெடுத்தவைக்கு மட்டும் கோட்டில்லை."

பைக்குள்ளிருந்து பால்மா டின் ஒன்றை எடுத்து வைத்தார். அரசாங்க டின். பூரணி அதைக் கையால் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இரண்டு மூன்று முறை வந்தார். வரும்போதெல்லாம் டின் வந்தது. பிள்ளைக்குக் கன்னம் வந்தது. இந்த மனிதரால் அந்தப் பிள்ளைக்கு நல்லதுதான் நடந்தது என்று நான் இப்போதும் சொல்வேன்.

கோர்ட்டுக்கு நாள் வைத்த பிறகு ஒரு சாயங்காலம் வந்து, அங்கே என்ன கேட்பார்கள் என்று சொல்லிக் கொடுத்தார். சாட்சிக்கு நானும் போக வேண்டியிருந்தது, அதனால் என்னையும் கூப்பிட்டு உட்கார்த்தினார். பேர் என்ன, என்ன வேலை, பிள்ளையை நன்றாகப் பார்ப்பீர்களா, இப்படி.

"பிறகு ஒண்டு கேப்பினம். இந்தப் பிள்ளைக்காக ஆருக்கும் ஏதும் குடுத்தனீங்களோ எண்டு. இல்லை எண்டு சொல்ல வேணும். பிள்ளையை விலைக்கு வாங்கிறது சட்டத்தில பெரிய குற்றம். வாங்கினவைக்குப் பிள்ளையைக் குடுக்க மாட்டினம்."

வீரய்யா இருமினான்.

"தவுடு குடுத்தேங்க," என்றாள் பூரணி.

"தெரியும். கிளாக்கர் சொன்னவர். எங்கட பக்கத்திலயும் உந்த வழக்கம் கிடக்கு. எனக்கு விளங்குது அம்மா. கோட்டுக்கு விளங்காது. அங்கை இருக்கிறவர் சிங்கள ஐயா, படிச்சது இங்கிலீசில. தவிடு எண்டால் அவருக்குச் சாமான். சாமான் குடுத்தால் விலை. ஆனபடியால் இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தான்."

அவர் போன பிறகு பூரணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வீரய்யா கேட்டான்.

"சொல்லுவதானே?"

"எப்படிச் சொல்றது?"

"வாயால."

"வாங்கலைன்னு சொன்னா அது அழகம்மா புள்ளையாயிரும்."

"அதுக்கென்ன?"

"அழகம்மா புள்ளைங்க எதுவும் தங்கலை."

வீரய்யா என்னைப் பார்த்தான். அவள் சொன்னது சரியா பிழையா என்று கேட்டால், அன்றைக்கு எங்கள் லயத்தில் சரி என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். வெறும் வாய்ப்பேச்சாக மறுத்தாலே ஆகாது. இது சத்தியம் பண்ணி, சபையில் நின்று மறுப்பது.

"அரிசி வேணாமா? பாலு வேணாமா?" என்றான் வீரய்யா. "நீ சொல்லாட்டி நான் சொல்றேன். போ."

"நீ சொல்லிக்க," என்றாள் பூரணி. "ஒன் வாயி, ஒன்னோட. நீ வாங்கலைதானே. வாங்குனது நானு."

கோர்ட்டு நாளன்று முதல் பஸ்ஸில் போனோம். தவுட்டம்மாவுக்குப் புதுச் சட்டை. பஸ்ஸில் பூரணி மடியில் வாந்தி எடுத்தது, அதைத் துடைத்துவிட்டு அந்த ஈரச் சேலையோடுதான் கோர்ட்டுக்குள் வந்தாள். அம்பலவாணர் ஐயா கறுப்புக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். நீதவான் வயதான மனிதர், முகத்தில் கோபம் இல்லை. இங்கிலீசில் கேட்பதைத் தமிழில் சொல்ல முதலியார் ஒருவர் நின்றார்.

முதலில் வீரய்யாவை ஏற்றினார்கள். பிள்ளைக்காக யாருக்காவது ஏதாவது கொடுத்தீர்களா என்று முதலியார் கேட்கத் தொடங்கியதும், பூரணி தன் மடியில் இருந்த பிள்ளையின் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினாள். வீரய்யா "இல்லைங்க" என்றான். அவன் இறங்கி வருகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நீதவான் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பூரணி. பிள்ளையை என் கையில் தந்துவிட்டு ஏறினாள். பேர் சொன்னாள், வேலை சொன்னாள். பிள்ளைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டதற்கு, "நாங்க தின்னுறதும், ஐயா தர்ற பாலும்" என்றாள். நீதவான் அதற்குத் தலையாட்டினார்.

"இந்தப் பிள்ளையைப் பெற்றுக்கொள்ள எவருக்கேனும் பணமோ பொருளோ கொடுத்தாயா?" என்றார் முதலியார்.

பூரணி அம்பலவாணர் ஐயாவைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். நான் காதைப் பொத்தவில்லை. பொத்தத் தோன்றவில்லை.

"குடுத்தேங்க. ஒரு கொத்துத் தவுடு குடுத்து வாங்குனேன். என் புள்ளைங்க."

அம்பலவாணர் ஐயா எழுந்து இங்கிலீசில் நிறையப் பேசினார். வழக்கம் என்பதை விளக்கினார் என்று நினைக்கிறேன், கையால் சுளகு மாதிரிக் காட்டினார். நீதவான் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளையைப் பூரணியிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

"தவிடு யாருடையது?"

"என்னோடதுங்க."

"அதற்கு விலை வாங்கினாயா?"

"இல்லைங்க. மாட்டுக்குப் புல்லு அறுத்துத் தர்றேன்னாங்க."

"அறுத்துத் தந்தாளா?"

"தந்தாங்க. ரெண்டு கட்டு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. எழுதினார்.

எழுதி முடித்ததை முதலியார் எங்களுக்குச் சொன்னார். பொருள் கொடுத்து வாங்கியதாக மனுக் கொடுத்தவளே சொல்கிறாள். புருஷன் இல்லை என்கிறான், ஆகையால் ஒருவர் சொல்வது பொய். வழக்கத்துக்காகச் சட்டத்தை வளைக்க முடியாது. மனுத் தள்ளுபடி. பிள்ளைக்குச் சட்டப்படி ஆள் இல்லாததால் அரசாங்கம் உதவி செய்கிற பிள்ளைகள் இல்லத்தில் சேர்க்க உத்தரவு. வழக்குப் போட மாட்டார்கள், அவ்வளவு இரக்கம் காட்டியிருக்கிறார் என்றும் முதலியார் சொன்னார்.

கண்டிப் பக்கத்து இல்லத்திலிருந்து ஒரு அம்மா வந்து பின்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். எந்தப் பிள்ளைக்காவது தேவைப்படும் என்று அன்றைக்கு வந்தவள்தான். அவள் கையில் பிஸ்கோத்து இருந்தது. தவுட்டம்மா பிஸ்கோத்தைப் பார்த்ததும் அவளிடம் போய்விட்டது. அழவில்லை. பூரணியும் அழவில்லை. புதுச் சட்டையின் பின் பொத்தான் கழன்றிருந்தது, அதைப் போட்டுவிட்டாள்.

வெளியே வந்தபோது அம்பலவாணர் ஐயா மரத்தடியில் நின்றார்.

"ஒரு சொல்லம்மா," என்றார். "ஒரு சொல்லுத்தானே கேட்டனான்."

"ஆமாங்க," என்றாள் பூரணி.

திரும்பி வரும் பஸ்ஸில் வீரய்யா மட்டும் பேசினான். "அரசாங்கம் எல்லாம் தருமாம். அந்த வீட்டுக்கு மாசா மாசம் புள்ளத் தலைக்கு இவ்வளவுன்னு தருமாம். அத இங்க தந்தா என்ன கொறைஞ்சிரும்?" அவனை யாரும் அடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இருமல் அடக்கியது.

மறுநாள் காலையில் பூரணி பெரட்டுக்கு வந்தாள். கங்காணி அவளைப் பார்த்து, கொழுந்து பறிக்க வேண்டிய நிரையைக் காட்டினார். பிள்ளைக்காம்பரா ஆயா மட்டும், "தொட்டில வேற புள்ளைக்குக் குடுக்கவா?" என்று கேட்டாள். "குடுங்க," என்றாள் பூரணி. வெறும் பால்மா டின்களை என்னிடம் தந்துவிட்டாள். ஒன்றில் ஆணி வைத்திருக்கிறேன்.

இல்லத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அம்பலவாணர் ஐயா சொல்லி அனுப்பினார். ஒரு தடவை போனாள். தவுட்டம்மா என்று கேட்டதற்கு அப்படி யாரும் இல்லை என்றார்களாம். பிறகு பார்த்தால் கமலா என்று பேர் மாற்றியிருக்கிறார்கள். பிள்ளை குண்டாக இருந்ததாம். இவளை யார் என்று அதற்குத் தெரியவில்லையாம். திரும்பி வந்தவளிடம் என் பெண்சாதி கேட்டாள்.

"தூக்குனியா?"

"தூக்கலை. எட்ட நின்னு பாத்தேன். கையில சங்கிலி மாதிரி மடிப்பு விழுந்திருக்கு."

அதற்குப் பிறகு போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. வீரய்யா அறுபத்திரண்டாம் வருஷம் செத்துப் போனான். அவனுக்குப் பிச்சைச் சம்பளம் எழுதியிருந்தது, வந்து சேருவதற்கு முன்னே போய்விட்டான். பூரணி அந்தக் காம்பராவிலேயே இருந்தாள். கூலி குறையவில்லை, கொழுந்தும் குறையவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். என் மாடு செத்த பிறகும் கொஞ்ச நாள் புல் அறுத்துக்கொண்டு வந்து போட்டாள். மாடு இல்லையே என்றால், "அட ஆமா," என்பாள்.

அறுபத்தைந்தில், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று தோட்டமெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாளில், அம்பலவாணர் ஐயா மறுபடி வந்தார். தலை நரைத்துவிட்டது. ஊருக்கே மாற்றம் கிடைத்து, போகிறதற்கு முன் பழைய வேலைகளைப் பார்த்து முடிக்கிறாராம். பூரணி கொழுந்து மலையில் இருக்கிறாள் என்றதும் மலைக்கே ஏறினார். நான் பக்கத்து நிரையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. கெட்டிக்காரி எண்டு சொல்லுகினம்."

"காய்ச்சல் கீய்ச்சல் வருதாங்களா?"

"ஒண்டுமில்லை. வடிவா இருக்கிறாள். நான் வந்தது அதுக்குத்தான். இப்ப நீதவான் மாறிட்டார். திரும்ப மனுப் போடலாம். நான் போக முதல் எழுதித் தந்திட்டுப் போறன். உங்களுக்கு உதவித் தொகையும் வரும், தனிப் பொம்பிளை எண்டபடியால் கூடவும் வரும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வைச்சிருக்கலாம்."

பூரணி கூடையை இறக்கித் தேயிலை மேல் சாய்த்து வைத்தாள். அவள் அப்படி நிரையில் நின்று நான் பார்த்ததில்லை. கங்காணி தூரத்திலிருந்து பார்த்தார், உத்தியோகத்தர் நிற்கிறதால் சத்தம் போடவில்லை.

"கோர்ட்டுல அந்தக் கேள்வி கேப்பாங்களாங்க?"

"கேப்பினம்."

"அப்ப வேணாங்க."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பூரணி கேட்டாள்.

"ஐயா, அன்னைக்கு அந்தக் கோர்ட்டுத் தொர எழுதுனாரே. அதுல என்னான்னு எழுதியிருக்குங்க?"

"நீங்கள் சொன்னதுதான். தவிடு குடுத்துப் பிள்ளையை வாங்கினதா எழுதிக் கிடக்கு."

"அழிச்சிருவாங்களா?"

"கோட்டில எழுதினதை ஆராலும் அழிக்கேலாது."

"அப்ப சரிங்க," என்றாள் பூரணி. "அது போதும்."

கூடையைத் தூக்கிக் கயிற்றை நெற்றியில் மாட்டினாள். ஐயா இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. நிரையில் பாதி பறிக்காமல் கிடந்தது. இரண்டு கையாலும் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு மேலே போனாள்.